சத்து மாத்திரையும் ஒரு வெள்ளி கிளினிக்கும்: எது நோயைத் தடுக்கிறது?

பெட்டாலிங் ஜெயாவில், மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகில், பலரும் இன்னும் ஜாலான் யுனிவெர்சிட்டி என்றே சொல்லும் சாலையில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டு ஒரு சோதனைக்கூடமாகத் தொடங்கப்பட்டது. சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. நாட்டில் சட்டப்படி விற்கப்படும் மருந்துகள், பாரம்பரிய மருந்துகள், சத்து மாத்திரைகள் எல்லாம் இங்கே பரிசீலிக்கப்பட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவு எண்ணைப் பெற்ற பிறகே கடைக்கு வர வேண்டும்.

அந்த எண்ணை எல்லாரும் பார்த்திருப்போம். டப்பாவில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்து, பின்னால் எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. கடைசி எழுத்து 'என்' என்றால் சத்து மாத்திரை. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'எக்ஸ்' என்றால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்து. 'ஏ' என்றால் நச்சுப்பொருள் பட்டியலில் உள்ள, கட்டுப்பாட்டோடு தரப்படும் மருந்து. சத்து மாத்திரை விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இந்த எண்ணை வைத்துத்தான்: "இது சுகாதார அமைச்சு அங்கீகரித்தது, அக்கா. பயப்படாம சாப்பிடலாம்."

அதில் பாதி உண்மை. எண் உண்மையானதாக இருந்தால், டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது, கன உலோகமும் கிருமியும் அளவுக்கு மேல் இல்லை, முறையான தொழிற்சாலையில் தயாரானது என்று நம்பலாம். மற்றப் பாதியைத்தான் விற்பவர் சொல்வதில்லை. புதிய மருந்துக்குக் கேட்கப்படுவது போல, ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு எதுவும் சத்து மாத்திரைக்குக் கேட்கப்படுவதில்லை. அதனால்தான் அது "உடல் நலத்தைப் பேண உதவும்" என்ற அளவில் பேசலாம், "இனிப்பு நீரைக் குணப்படுத்தும்" என்று சொல்லக் கூடாது. மேல் எண் பாதுகாப்புக்கும் தரத்துக்கும் அடையாளம். பலனுக்கு அது சாட்சி இல்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. பாக்கெட்டில் கலக்கிக் குடிக்கும் கோப்பி, கொலாஜன் பானம், பழச்சாறு போன்றவற்றில் பெரும்பங்கு உணவுப் பொருளாக இருந்தால் அவை உணவுச் சட்டத்தின் கீழ் போய்விடும். அவற்றுக்கு மேல் எண் தேவையில்லை. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு பானத்தில் இந்த எண்ணே இல்லையென்றால், அது வெறும் உணவாக இருக்க வேண்டும், இல்லையெனில் பதிவு செய்யப்படாத மருந்தாக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் நோய் தீர்க்கும் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.

விளம்பரத்துக்கென்று தனிச் சட்டமும் உண்டு. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், ஆஸ்துமா, மலட்டுத்தன்மை உள்ளிட்ட 20 நோய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. வாய்மொழி அறிவிப்பும் அச்சட்டத்தில் விளம்பரம்தான். ஆனால், தாமான் வீட்டின் முன்னறையில் பத்துப் பேரை உட்கார வைத்து, "எங்க மாமாவுக்கு டயாலிசிஸ் சொன்னாங்க, இத குடிச்சு நின்னு போச்சு" என்று ஒருவர் சாட்சி சொல்வதை எந்த அமலாக்க அதிகாரி வந்து கேட்பார்? வாட்ஸ்அப் குரல் பதிவும் அப்படித்தான். சட்டம் எட்டாத அந்த இடத்தில்தான் வியாபாரத்தின் பெரும்பகுதி நடக்கிறது.

நம்மவர்களிடையே இந்த வியாபாரம் ஓடுவதற்கு ஒரு காரணம், விற்பவர் அந்நியர் இல்லை. சித்தி விற்பார். கோவில் தலைவரின் மனைவி விற்பார். தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்த அண்ணன் விற்பார். அவர்களும் பெரும்பாலும் நம்பித்தான் விற்கிறார்கள். மறுத்தால் உறவு கசக்கும் என்று வாங்கி, அலமாரியில் வைத்து, காலாவதியானதும் எறிந்த வீடுகள் ஏராளம். அப்படி எறிந்தவர்கள் ஒருவிதத்தில் தப்பித்தவர்கள்.

டப்பாவுக்குள் வேறொன்று

பதிவு இல்லாத பொருள்களில் ஆபத்து வேறு வகை. மூட்டு வலிக்கு ஒரே நாளில் கேட்கும் என்ற பொடியில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, உடல் இளைக்கும் மாத்திரையில் சிபுட்ராமின், ஆண்மைக் கோப்பியில் சில்டனாபில் அல்லது தடாலாபில் கலந்திருப்பதை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். இவை எல்லாம் அசல் மருந்துகள். அதனால்தான் பொடி உடனே "வேலை செய்கிறது". வலி போனது மூலிகையால் அல்ல, ஸ்டீராய்டால். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினால் உடல் தளர்ந்து விழும்.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டு நடந்தது மறக்கக்கூடாத ஒன்று. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத ஏறத்தாழ 150 பேர் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் நீங்கலாக எல்லாரும் ஆண்கள். சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை நோய் மருந்து பெருமளவு கலந்திருந்தது தெரிய வந்தது. ஏழு பேர் நினைவிழந்தனர். நால்வர் இறந்தனர்.

இங்கே பதிவில்லாத மருந்தை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். எண் உண்மையா என்று பார்ப்பது எளிது. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் தட்டினால் பொருளின் பெயரும் உரிமையாளரின் பெயரும் வரும். டப்பாவில் ஒட்டியுள்ள ஃபார்மாதேக் முத்திரையைக் கைப்பேசிச் செயலியால் சரிபார்க்கலாம். எண் இருந்து பெயர் ஒத்துப் போகவில்லையென்றால் அது திருடப்பட்ட எண்.

வைட்டமின் கதை இந்த மண்ணில்தான் நடந்தது

வைட்டமின் என்ற சொல் 1912-இல்தான் பிறந்தது. அதற்கு முன்பே, வைட்டமின் குறைவால் வரும் ஒரு நோயின் முடிச்சை அவிழ்த்ததில் மலாயாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதையில் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய கதை இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய சயாம் அரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளர்களை நோய் தாக்குகிறது. புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் முடிவு கட்டியது தவறு. ஆனால் பார்த்தது சரி.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் அதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் புழுங்கலரிசி, மறுபகுதிக்குத் தீட்டிய அரிசி. ஓராண்டு முடிவில் தீட்டிய அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசிப் பக்கம் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. நோயாளிகளின் சம்மதம் கேட்காமல் நடத்தப்பட்ட இப்படிப்பட்ட சோதனையை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தோமஸ் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதித்து, நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது கழியும் தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினர். அதுதான் பின்னாளில் பி1 வைட்டமின் என்று அறியப்பட்டது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அதைத் தெரிந்து செய்யவில்லை, ஆனால் உயிர் தப்பியது.

இந்தப் பழங்கதை இன்றைய டப்பாவுக்கு எதற்கு? குறை இருந்த உடலுக்கு, குறைந்த அந்தச் சத்தைக் கொடுத்தபோது சாவு நின்றது. வைட்டமினின் பெயரும் புகழும் இப்படிப்பட்ட வெற்றிகளில் பிறந்தவை. குறையே இல்லாத உடலுக்கு அதையே மேலும் மேலும் கொடுத்தால் இன்னும் ஆரோக்கியம் வரும் என்பது வேறு கூற்று. அதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

சான்று தேடியவர்கள் கண்டது

அந்தச் சான்றை உலகம் நிறையவே தேடிப் பார்த்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக வந்தது. முடிவு வெளியானது 1994-இல். குறைக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த மாத்திரை அது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னோர் ஆய்வு 1996-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது, அங்கே 28 விழுக்காடு கூடுதல். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், வைட்டமின் இ சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகம் என்று 2011-இல் தெரிந்தது.

பல வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை இந்த அளவுக்குக் கெடுதல் செய்யவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் 14,641 பேர் பல ஆண்டுகள் சாப்பிட்டுப் பார்த்ததில் புற்றுநோய் சற்றுக் குறைந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2022-இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 84 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்க வைட்டமின் மாத்திரைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் அதற்காகச் சாப்பிடவே வேண்டாம் என்றது.

எல்லா மாத்திரையும் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு வரும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது. இதற்கு 1991-இலேயே உறுதியான சான்று கிடைத்துவிட்டது. ரத்தச் சோகை உள்ளவருக்கு இரும்புச் சத்து வேண்டும். சுத்த சைவம் சாப்பிடுபவருக்கும், பல ஆண்டுகள் மெட்ஃபோர்மின் எடுப்பவருக்கும் பி12 குறையக்கூடும். இவர்களுக்கு எது குறைவு என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லும். குறையைக் கண்டு கொடுக்கும் மாத்திரை மலிவு, கிளினிக்கிலேயே கிடைக்கும். இருபது சத்து கலந்த தங்க நிற டப்பா அதற்குத் தேவையில்லை.

நம்மைக் கொல்வது குறை நோய் அல்ல

நம் சமூகத்தை இன்று அரிப்பது பெரிபெரி இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது 39 லட்சம் பேருக்கு, இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆக இறங்கியது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: 18 முதல் 29 வயதுக்குள் இனிப்பு நீர் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது.

தெரியாமல் போகும் ஆண்டுகளில்தான் சேதம் நடக்கிறது. வலி இல்லை. வேலைக்குப் போகிறார்கள், கிரேப் ஓட்டுகிறார்கள், திருவிழாவில் காவடி எடுக்கிறார்கள். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளும் கண்ணின் பின்திரையும் மெதுவாகப் பழுதாகின்றன. மலேசியாவில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். புதிதாகச் சேருபவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு இனிப்பு நீரே காரணம்.

இதைத் தடுக்க முடியுமா என்பதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். முடிவு 2006-இல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சோற்றையும் சீனியையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லி விடாமல் தொடர்புகொள்ளப்பட்டவர்களில் அது 39.3 விழுக்காடு. நம் சாப்பாடு, நம் உடல்வாகு கொண்ட மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதற்கு இங்கே தனி மதிப்பு உண்டு.

அதே வாசலில் நின்ற 2,423 அமெரிக்கர்களுக்கு வைட்டமின் டி அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 293 பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 323 பேருக்கும் நோய் வந்தது. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான் அது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

எங்கே போவது, என்ன கேட்பது

வாசலில் நிற்கிறோமா என்று அறிய ஒரு துளி ரத்தம் போதும். வெறும் வயிற்றில் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீராக இருக்கலாம், உறுதி செய்ய மறுபடியும் எடுப்பார்கள். 6.1 முதல் 6.9 வரை வாசல். இதனோடு ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம், இடுப்பளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும். 30 வயதிலேயே தொடங்க வேண்டும். பெற்றோருக்கு இருந்தாலோ உடல் பருமன் இருந்தாலோ அதற்கும் முன்பே.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மருந்தும் அதில் அடக்கம். அரசு உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பட்டியலில் உள்ள தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம், அடையாள அட்டை போதும். சொக்சோ சந்தா கட்டும் 40 வயதுத் தொழிலாளர்களுக்கும் இலவசப் பரிசோதனை தரப்படுகிறது. சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடிக்கும் பணத்துக்கு இப்படியும் ஒரு பலன் இருப்பது தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பலருக்குத் தெரியாது.

காலையில் போனால் வரிசை, ஒரு நாள் சம்பளம் போகும் என்ற குறை நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 150 வெள்ளிக்குச் சத்து மாத்திரை வாங்கும் வீடு ஆண்டுக்கு 1,800 வெள்ளி செலவழிக்கிறது. அதில் வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு ஜோடி நல்ல நடைக் காலணி எல்லாம் வாங்கி மிச்சமும் இருக்கும்.

பரிசோதனையும் இன்று ஒரு வியாபாரம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பேரங்காடியில் விற்கப்படும் "முழு உடல்" தொகுப்புகளில் புற்றுநோய்க் குறியீடு என்று வரிசையாகச் சோதனைகள் சேர்க்கப்படுகின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை வீண் பயத்தையும் மேலும் சோதனைகளையும்தான் தரும். பொதுவான உடல் பரிசோதனைக்கு ஆட்களை அழைப்பதால் மட்டும் இறப்பு குறைவதில்லை என்று, ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் குழு 2019-இல் முடிவு சொன்னது. தாளில் எண் வந்த பிறகு யாராவது பின்தொடர்ந்தால்தான் பயன். சென்னையில் அந்த விகிதத்தை இறக்கியது ரத்தப் பரிசோதனை அல்ல, அதற்குப் பிறகு வந்த நடையும் சாப்பாடும் தொலைபேசி அழைப்பும்.

இதனால் கிளினிக்கில் பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல் மூன்று கேள்வி கேட்கலாம்: என் எண் என்ன, அது எவ்வளவு இருக்க வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும்.

சாப்பிடும் சத்து மாத்திரைகளையும் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. மருத்துவர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின், மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் வைட்டமின் கே உள்ள மாத்திரை சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையும். பாகற்காய்ச் சாறு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கக்கூடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "இத ஆரம்பிச்சா கிளினிக் மருந்த நிறுத்திடலாம்" என்ற பேச்சு. மெட்ஃபோர்மினையோ ரத்தக் கொதிப்பு மாத்திரையையோ நிறுத்தினால் முதல் சில வாரங்களில் உடலுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அமைதியையே குணம் என்று நம்பி, கால் புண்ணோடு திரும்பி வருபவர்கள் உண்டு.

ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டு உடம்புக்கு ஆகவில்லையென்றால், பொதுமக்களே பக்கவிளைவைத் தெரிவிப்பதற்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அருகில் உள்ள மருந்தாளரிடம் சொன்னாலும் அனுப்பி வைப்பார். மிச்சமுள்ள மாத்திரையையும் டப்பாவையும் வாங்கிய ரசீதையும் எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருந்தால், உள்ளே என்ன இருந்தது என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கும்.